நீ அனுப்பிய வைஃபை டப்பா எனக்கு வேண்டாம்

அன்பு மகனுக்கு, வாப்பா எழுதுவது.

ஸலாம். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிப் பழகிய கை இது. இந்தத் தடவை அப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே பொய் சொன்னதாகிவிடும். நீ கூரியரில் அனுப்பிய வைஃபை டப்பா முந்தாநாள் வந்து சேர்ந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை. மோடம், ரூட்டர் இரண்டும் ஒன்றாக இருக்கிற டப்பா, இனி ஒரே பிளக், ஒரே வயர், எல்லாவற்றையும் சான்பாடாவில் என் வீட்டிலிருந்தே நான் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னாய். 'யோசிச்சுச் சொல்லுதேன்' என்றேன். 'இதுல யோசிக்க என்ன வாப்பா இருக்கு?' என்று சுள்ளென்று கேட்டாய். யோசிக்க நிறைய இருக்கிறது. அதைப் போனில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த நாளுக்குப் பிறகு போனைக் காதில் வைத்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். தமிழ் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பது தெரியும். இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்துவிட்டவனே நான்தான், அதற்கு உன்னைக் குறை சொல்லி என்ன பயன்? மெதுவாகவே படி. மெதுவாகப் படித்தால்தான் நடுவில் குறுக்கிட மாட்டாய்.

அந்த நாளைப் பற்றி நீ என்னிடம் கேட்டதெல்லாம் 'ஓடிபி சொன்னியளா, பாங்கு நம்பர் குடுத்தியளா' என்பதுதான். சொல்லவில்லை, கொடுக்கவில்லை என்றதும் அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டாய். அதோடு உனக்கு விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை மகனே. அன்றைக்கு என்ன நடந்தது என்பதை முழுதாகக் கேள். உன் தங்கச்சியின் பிரசவத்துக்காக உம்மா மாஹிமுக்குப் போயிருந்தாள். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சட்டைப் பொத்தான்கூடப் போட்டு முடிக்கவில்லை. வீடியோ கால் வந்தது. எடுத்தால் போலீஸ் உடுப்பில் ஒருவன். பின்னால் கொடி, மேசை, சுவரில் பெரிய படம். என் பெயரை என் வாப்பா பெயரோடு சேர்த்து முழுதாகச் சொன்னான். என் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலைப் பிடித்திருக்கிறார்களாம், அதற்குள் யார் யாருடையதோ பாஸ்போர்ட்டுகளாம். நீயாக இருந்தால் சிரித்துக்கொண்டே கட் செய்திருப்பாய் என்று சொன்னாய். இருக்கலாம். ஆனால் நம்முடைய பெயரை ஒரு போலீஸ்காரன் வாயால் கேட்கும்போது மனசில் என்ன ஓடும் என்பதை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. சான்பாடாவில் வாடகை வீடு தேடி அலைந்தாயே, போனில் சரி சரி என்று சொன்னவர்கள் உன் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்றார்களே, அன்று ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்தாய். நான் செய்தேனா இல்லையா என்பதை நான் யோசிக்கவே இல்லை. செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்றுதான் யோசித்தேன். அவன் என்னைப் பிடித்தது அங்கேதான்.

'நீங்கள் கைதாகிவிட்டீர்கள், ஆனால் வயசானவர் என்பதால் வீட்டிலேயே இருக்கலாம்' என்றான். மரியாதையாகத்தான் பேசினான், அங்கிள் என்றுதான் கூப்பிட்டான். கேமராவை அணைக்கக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது. பேசினால் என் மகன் உன் பெயரும் கேஸில் வருமாம். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு நான் மனுஷனாக இல்லை. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அதன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவை மூடுங்கள் என்றான், மூடினேன். பகலில் நம் மாடியில் யாராவது கதவை மூடிப் பார்த்திருக்கிறாயா? அன்றைக்கு நான் மூடினேன். தண்ணீர் குடிக்க அவனிடம் கேட்டேன். பாத்ரூம் போகக் கேட்டேன். லுஹர் நேரம் வந்தபோது தொழ வேண்டும் என்று கேட்டேன். 'தொழுங்கள், கேமரா இங்கேயே பார்த்தபடி இருக்கட்டும்' என்றான். தொழுதேன். யார் முன்னால் தலையைத் தரையில் வைக்கிறேன் என்ற நிதானமே எனக்கு அப்போது இல்லை. இதை உன் உம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

நடுவில் நீ போன் செய்தாய். உன் பெயர் திரையில் ஓடியது. என் கண் போன இடத்தை அவன் பார்த்துவிட்டான். எடுக்காதீர்கள், கடையில் வேலை என்று எழுதிப் போடுங்கள் என்றான். எழுதிப் போட்டேன். நீ கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாய். அந்த மஞ்சள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே எல்லாச் சத்தமும் கேட்டது. குக்கர் விசில், லிஃப்ட் கதவு, கீழே பெல்ட் பட்டறையில் மிஷின் ஓடுவது, யாரோ யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிடுவது. இந்தத் தாராவியில் ஒருவன் தும்மினால் மூன்று வீட்டில் கேட்கும் என்று நாம்தானே கேலி பேசுவோம். அப்படிப்பட்ட கட்டடத்தில் ஆள் நடமாட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்து ஒரு குரல் கொடுக்க முடியாமல் கிடந்தேன். பூட்டு இல்லை, விலங்கு இல்லை. எழுந்து நாலு எட்டு வைத்தால் வெளியே போய்விடலாம். போக முடியவில்லை.

அப்புறம் எதிர் வீட்டு வைனி கதவைத் தட்டினாள். மராத்தியில் அண்ணி என்று எல்லாரும் கூப்பிட்டுப் பழகி, நமக்கும் அவள் வைனிதான். சுனிதா வைனி வாட்ஸாப்பில் ஆர்டர் எடுத்து டிபன் அனுப்புவது உனக்குத் தெரியும். அவளுக்கும் நமக்கும் ஒரே நெட்தான் என்பதும் தெரியும். அது ஏன் என்பதை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். கட்டடம் கட்டியவன் விட்ட வயர்க் குழாய் நம் மாடியோடு அடைத்துப் போயிற்று. கேபிள்காரர் முட்டி மோதி ஒரே ஒரு ஃபைபர் வயரைத்தான் இழுக்க முடிந்தது. வேறு கம்பெனி எதுவும் இந்தக் கட்டடத்துக்குள் வர கமிட்டி விடாது. அதனால்தான் நம் கதவுக்கு மேலே, அவளுக்கும் எட்டுகிற மாதிரி டப்பாக்களை மாட்டினோம். அன்று முழுக்க என் வீடியோ ஓடியதில் அவளுக்கு நெட் திணறியிருக்கிறது. வழக்கமாக உள்ளே வந்து சுவிட்சை அணைத்துப் போட்டுவிட்டுப் போவாள். அன்றைக்குக் கதவு மூடியிருந்தது. 'பாய்! தர்வாஸா காயகோ பந்த் கியா? நெட் அட்கா ஹை!' என்று கத்தினாள். கதவை ஏன் மூடினீர்கள், நெட் நின்றுபோச்சு என்கிறாள். திரையில் இருந்தவன் உதட்டில் விரலை வைத்தான். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அவள் திரும்பிப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் போகவில்லை. நாம் ஊருக்குப் போகும் சமயங்களில் டப்பா மக்கர் செய்தால் அவள் ஒரு வேலை செய்வாள். வராண்டாவில் இருக்கும் மீட்டர் பலகையில் நம் வீட்டு மெயினையே இறக்கி ஏற்றிவிடுவாள். அதைச் செய்தாள். விளக்கு போயிற்று, விசிறி நின்றது, கதவுக்கு மேல் இருந்த பச்சைப் புள்ளிகள் எல்லாம் அணைந்தன. உள்ளே டவர்தான் கிடைக்காதே, அவன் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றான். கொஞ்ச நேரத்தில் அந்த முகமும் போய், திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அப்போதும் எனக்கு ஓடத் தோன்றவில்லை, கேள். கால் கட் ஆனதற்கு அவன் என்னைத்தானே சொல்லுவான், சீக்கிரம் கரண்டைப் போட வேண்டும் என்ற பயத்தில்தான் கதவைத் திறந்தேன். வைனி பலகையில் கை வைத்தபடி நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். 'போலீஸ் என்னை அரெஸ்ட் பண்ணியிருக்கு வைனி' என்று அவளிடம் தமிழிலேயே சொன்னேன். இந்தி வரவில்லை. போலீஸ், அரெஸ்ட் என்ற இரண்டு வார்த்தை அவளுக்குப் போதுமானதாக இருந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அறை, அடுக்களை, பாத்ரூம் எல்லாம் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, 'இதர் தோ கோயி நஹி ஹை, பாய்' என்றாள். இங்கே யாருமே இல்லையே! அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். கரண்டை அவள் ரொம்ப நேரம் போடவில்லை. போனை வாங்கி அந்த நம்பரை அடைத்துவிட்டு, மாவு ஒட்டிய கையோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் கீழே இறங்கிப் போய்ப் போன் செய்து சொன்னதும் நீ ஓடி வந்தாய். பாலத்து டிராஃபிக்கில் மாட்டி, வேர்த்து விறுவிறுத்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். அந்தக் கட்டிப்பிடிப்புக்காக உன் குற்றம் எல்லாவற்றையும் மன்னிக்கலாம். ஆனால் அன்று மாலையே வேலையை ஆரம்பித்துவிட்டாய். பழைய ரூட்டரின் பாஸ்வேர்டை மாற்றினாய். உன் போனில் ஏதோ ஆப் போட்டு, என் போன் எவ்வளவு நேரம் எதில் ஓடுகிறது என்று பார்க்கும்படி செய்தாய். வைனிக்குக் கொடுத்ததை நிறுத்தினாய். 'யாருக்கெல்லாம் நம்ம நெட்டத் தொறந்து விட்டிருக்கீய? இப்படி இருந்தா எவன் வேணும்னாலும் உள்ள வருவான்' என்று சத்தம் போட்டாய். எவனும் அந்த வழியாக வரவில்லையே மகனே! வந்தவன் என் பயத்தின் வழியாக வந்தான். அந்த வழியாக வந்தவள் அவனை விரட்டினாள். நீ அடைத்தது அவளை.

நீ அடைத்ததிலிருந்து அவள் கட்டட வாசலுக்கு இறங்கிப் போய், ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆர்டர் பார்த்தாள். அடுப்பில் வைத்ததை அணைத்துவிட்டு இறங்குவாள், திரும்ப ஏறிப் பற்றவைப்பாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக மென்று விழுங்கிப் பேச ஆரம்பித்தபோது, 'பச்சோங் கோ டர் லக்தா ஹை, பாய், சல்தா ஹை' என்றாள். பிள்ளைகளுக்குப் பயம் இருக்கும்தானே, பரவாயில்லை என்கிறாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. லிஃப்டில் அவளோடு போக வெட்கப்பட்டு, முட்டி வலியோடு படியில் இறங்கினேன். கடைக்குப் போகும் நேரத்தையும் அவள் வாசலுக்கு வராத நேரமாகப் பார்த்து மாற்றிக்கொண்டேன். என் வீட்டிலிருந்து நான் வெளியே போவதற்கே திருடன் மாதிரி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொன்று. போன வாரம் மதியம் நெட் போயிற்றே, ஞாபகம் இருக்கிறதா? உம்மா மாஹிமிலிருந்து வீடியோவில் பிள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது. ஒரு கொட்டாவியை இவ்வளவு நேரம் ஒருவன் ரசிப்பானா என்று உம்மா என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள். சட்டென்று படம் நின்றது. பிள்ளையின் முகம் அப்படியே உறைந்து நின்றது. அவன்தான் திரும்ப வந்துவிட்டான் என்று கதவைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். அப்புறம் நெட் திரும்ப வந்தது, கூடவே உன் போனும் வந்தது. 'வாப்பா, ரொம்ப நேரமா ஒரே வீடியோ ஓடுச்சு. யாரும் திரும்ப மாட்டிட்டானோன்னு டென்ஷன் ஆயிட்டு, ஆபீஸ்லேருந்து நான்தான் கட் பண்ணுனேன். யார்ட்ட பேசுதீய?' என்றாய். உம்மாவிடம் என்றேன். 'ஸாரி வாப்பா, இனிமே பேசுறதுக்கு முன்ன ஒரு மெசேஜ் போட்டுருங்க' என்றாய். சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. தண்ணீர் குடிக்க அவனிடம் அனுமதி கேட்ட அதே குரலில்தான் உன்னிடமும் சரி சொல்லியிருக்கிறேன். உனக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவன் என்னைக் கெடுக்கப் பார்த்தான், நீ காக்கப் பார்க்கிறாய். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அதனால் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் வைஃபை டப்பா விற்கிற கடைக்கு நானே போனேன். நான் ஜிப் வியாபாரி. ஜிப் வாங்க வருகிறவர்கள் அதன் பல் பளபளவென்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நான் ரன்னரை, அந்த இழுக்கிற பிடியை, இழுத்துப் பார்க்கச் சொல்லுவேன். ரன்னர் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பை. அந்தப் புத்தியோடுதான் டப்பாக்களைப் புரட்டிப் பார்த்தேன். கடைக்காரருக்கு என் கேள்விகளில் பாதி புரியவில்லை, அவர் பதிலில் முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை. ஆனாலும் சிலது தேறியது. வெளியிலிருந்து வரும் ஃபைபர் வயரை வாங்கிக்கொள்வது மோடம், அதை வீட்டுக்குள் பிரித்துக் கொடுப்பது ரூட்டர். இரண்டும் தனித்தனியாக இருந்தால் ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கும், ஒன்றாக இருந்தால் கெடும்போது மொத்தமாகப் போகும். உன் உம்மாவும் நானும் மாதிரி என்று சொன்னேன், கடைக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரே டப்பாதான் நல்லது என்று நீ சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு டப்பா இருந்தால் முதலில் மோடத்தைப் போட்டு, அது எழுந்த பிறகுதான் ரூட்டரைப் போட வேண்டும். வைனி எப்போதும் அவசரத்தில் மாற்றித்தான் போடுவாள். ஒரே டப்பா என்றால் ஒரே சுவிட்ச், தொல்லை இல்லை.

நீ அனுப்பியது நல்ல டப்பாதான். அதன் அட்டையைப் படம் எடுத்து கேபிள்காரரிடம் காட்டினேன். நம் லைனில் ஓடும், பின்னால் இருக்கும் நம்பரை அவர் தன் பக்கத்தில் பதிந்துகொண்டால் போதும் என்றார். ஆனால் அதை ஆப் இல்லாமல் திறக்கவே முடியாதாம். யார் போனில் ஆப் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. கடையில் நான் வாங்கிய டப்பாவை வீட்டுக்குள் இருந்தபடியே திறந்து மாற்றலாம். வெளியிலிருந்து யாரும் தொட முடியாதபடி அடைத்துவிடலாம். இரண்டு பெயரில் வைஃபை விடலாம், ஒன்று நமக்கு, ஒன்று வைனிக்கு. அவள் பக்கத்தில் என்ன ஓடினாலும் அது நம் போன்களைத் தொடாது. நீ பயந்தது நியாயம் என்றால் அந்தப் பயத்துக்கு இது போதும், மேலே போனால் அது பயம் இல்லை, பிடிவாதம். கரண்ட் போனாலும் நெட் நிற்காமல் இருக்க ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது, சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் வற்புறுத்தினார். அந்த விஷயத்தில் மட்டும் நான் அசையவில்லை. கரண்ட் போனால் நெட்டும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று கேபிள்காரர் வந்து மாட்டிவிட்டுப் போனார். பழைய இரண்டையும் கழற்றியாயிற்று. அவர் போன பிறகு எதிர் வீட்டுக்குப் போய், வைனியின் போனை வாங்கி நானே பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தேன். முதல் தடவை தப்பாகப் போட்டேன். அவள் பார்க்காத மாதிரி கடுகைத் தாளித்துக்கொண்டிருந்தாள். உன் டப்பா பிரிக்காமல் இங்கேயே இருக்கிறது, வரும்போது எடுத்துப் போய்த் திருப்பி அனுப்பிவிடு. கோபம் வரும், வரட்டும். உன் போனில் இனி என் வீடு தெரியாது. நான் எப்போது தூங்கினேன், யாரோடு பேசினேன், எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று எதுவும் தெரியாது. அந்த இருட்டு உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ சின்னப் பிள்ளையாக ஸ்கூலுக்குத் தனியாக ரயிலேறிப் போக ஆரம்பித்தபோது, மாட்டுங்காவில் இறங்கினாயா இல்லையா என்று தெரியாமல் கடையில் நான் ஜிப்பைத் தப்புத் தப்பாக அளந்து கொடுத்த காலம் ஒன்று உண்டு. தாங்கிக்கொண்டேன். நீயும் தாங்கிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை உம்மாவும் தங்கச்சியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நீயும் வா. உள்ளே நுழைந்ததும் உன் போன் பாஸ்வேர்டு கேட்கும். என்னிடம் கேள், சொல்கிறேன். போனில் கேட்காதே, போனில் கேட்கிறவர்களுக்கு நான் எதையும் சொல்வதில்லை. ஆனால் ஞாயிறு வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. உனக்கு லீவு கிடைத்தால் அதற்கு முன்னாலேயே வா. டப்பாவில் எல்லாம் சரியாக இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, சரிபார்க்க வேண்டியது எதுவும் இல்லை. சும்மா வந்து என் பக்கத்தில் உட்கார். வீட்டில் தனியாக இருக்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

உன் வாப்பா